முறையிடும் நன்றி: குஜிலியம்பாறையின் வானம்பார்த்த நிலத்திலிருந்து ஒரு வாதம்

அன்றாட வாழ்வின் எளிய பேறுகளுக்கு நன்றி செலுத்தப் பழக வேண்டும் என்ற அறிவுரை இன்று பள்ளிக் காலை வழிபாட்டிலும் அலுவலகப் பயிலரங்குகளிலும் மனநல நூல்களிலும் ஒருசேரக் கேட்கிறது. குடிக்கத் தண்ணீர், தட்டில் சோறு, தலைக்கு மேல் கூரை, கூப்பிட்டால் வர ஓர் ஆள் என்று இருப்பதை எண்ணிப் பார்த்தால் மனம் நிறையும் என்கிறார்கள். அறிவுரை தவறில்லை. அதனோடு சொல்லாமல் சேர்ந்து வரும் இன்னொரு கட்டளையைத்தான் இக்கட்டுரை ஏற்க மறுக்கிறது. இருப்பதற்கு நன்றி சொல்கிறவர் இல்லாததைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது அந்தக் கட்டளை. திண்டுக்கல் மாவட்டத்தில் கரூர் எல்லையை ஒட்டிக் கிடக்கும் குஜிலியம்பாறை வட்டாரத்தையும், அதைப் போன்ற மேட்டுநிலங்களின் வழக்கங்களையும் சான்றாக வைத்து, நன்றியும் முறையீடும் ஒரே அறத்தில் பிறப்பவை என்று இங்கே வாதிடுகிறேன்.

முதலில் நிலம். குஜிலியம்பாறை, பாளையம், கோவிலூர்ப் பக்கம் பெரும்பகுதி வானம்பார்த்த பூமி. வேடசந்தூர் வழியாக ஓடி அமராவதியில் சேரும் குடகனாறும் ஆண்டு முழுவதும் நீர் காணும் ஆறு அல்ல. வடகிழக்குப் பருவமழை பெய்தால் சோளமும் கம்பும் நிலக்கடலையும் உண்டு. பொய்த்தால் ஆட்டுக்குத் தழையும் நூற்பாலைக்குக் கூலி வேலையும்தான் கதி. கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறும் ஆயிரம் அடியைத் தொட்டு வெறும் புழுதியைத் தள்ளுவதை இந்தப் பக்கத்து உழவர் பலர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஒரு குடம் தண்ணீர் எளிய பேறு என்று நகரத்தில் சொல்லலாம். இங்கே அது எளியதாக ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே எளிய பேறுகளுக்கான நன்றியை ஆராய இதைவிடப் பொருத்தமான மண் எனக்குத் தெரியவில்லை.

மார்கழி முடியும் நாளில் இங்கும் கொங்கு வட்டாரம் முழுவதிலும் காப்புக் கட்டுகிறார்கள். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு இறவாணத்தில் செருகுவார்கள். அதோடு நிற்பதில்லை. மாட்டுக் கொட்டகைக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று, பட்டிக்கு ஒன்று. நன்றிக்கு உரியவை எவையென்று ஏட்டில் எழுதாத குடும்பம், எங்கெங்கே காப்புச் செருக வேண்டும் என்பதை மறப்பதில்லை. அந்த வரிசையே ஒரு கணக்கேடு. இந்த மூன்று செடிகளையும் கவனிக்க வேண்டும். யாரும் பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சி வளர்த்தவை அல்ல. தரிசிலும் வேலியோரத்திலும் தாமே முளைத்துப் பூப்பவை. வறண்ட நிலம் கேட்காமல் கொடுத்ததைக் கொண்டே அந்த நிலத்துக்கு நன்றி சொல்லப்படுகிறது. காசு கொடுத்து வாங்கும் மாலையால் இதைச் செய்துவிட முடியாது என்பது என் துணிபு. இன்று நகரச் சந்தைகளில் காப்புக் கட்டும் விலைக்கு வருகிறது, அது வேறு.

அடுத்த நாள் சூரியனுக்குப் பொங்கல், அதற்கடுத்து மாட்டுக்கு. மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்பு சீவி வண்ணம் பூசி, மூக்கணாங்கயிறும் தும்பும் புதிதாக மாற்றுவார்கள். மனிதர் உண்ணுமுன் மாட்டுக்கு ஊட்டுவார்கள். இதில் யாரும் வாய் திறந்து நன்றி என்று சொல்வதில்லை. கயிறு மாற்றுவதே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அர்ஜுன் அப்பாதுரை 1985இல் ‘ஈத்தோஸ்’ என்னும் மானிடவியல் இதழில் தென்னிந்தியாவின் நன்றியுணர்வைப் பற்றி எழுதிய கட்டுரை, அதைத் தனிமனித உள்ளத்தின் உணர்ச்சியாக அல்லாமல் சமூக நடத்தை முறையாகப் பார்த்தது. அந்தப் பார்வை இங்கே பெரிதும் உதவுகிறது. உள்ளம் நிறைந்திருக்கிறதா என்று பொங்கலன்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கயிறு புதிதா, காப்புக் கட்டியாயிற்றா, முதல் உருண்டை மாட்டுக்குப் போயிற்றா என்றுதான் கேட்கிறார்கள்.

இதுவரை சொன்னது பலரும் அறிந்தது. இதே மக்களின் இன்னொரு வழக்கத்தை இதனோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் என் வாதம் தொடங்குகிறது. மழை பொய்த்த ஆண்டில் மழைச்சோறு எடுப்பது மதுரை, திண்டுக்கல் பகுதிகளிலும் கொங்கிலும் பரவலாக அறியப்பட்ட வழக்கம். பெண்கள் பானை ஏந்தி வீடு வீடாகப் போய்ச் சோறும் கூழும் வாங்குவார்கள். இருப்பவர் வீடு, இல்லாதவர் வீடு என்று பாராமல் எல்லா வீட்டுச் சோறும் ஒரே பானையில் விழும். ஊர் எல்லைக்குக் கொண்டு போய் எல்லோரும் பகிர்ந்து உண்பார்கள். பல ஊர்களில் அந்தச் சோற்றில் உப்பு இருக்காது. பிறகு மழை பெய்யவில்லையே என்று வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைப்பார்கள். பிழைக்க வழியில்லை, ஊரைவிட்டே போகிறோம் என்று புறப்படுவதுபோல் நடப்பார்கள். மற்றவர்கள் தடுத்துத் திருப்பி அழைத்து வருவார்கள்.

இதை மழை வேண்டும் சடங்கு என்று மட்டும் வகைப்படுத்திவிட்டு நகர்வது போதாது என்று கருதுகிறேன். கெஞ்சுதல் இதில் உண்டு. ஆனால் கெஞ்சுதலைவிடப் பெரிதாக ஒரு வழக்காடல் இருக்கிறது. நாங்கள் எங்கள் பங்கைச் செய்தோம், உன் பங்கு எங்கே என்று கேட்கும் குரல் அது. தை மாதத்தில் கதிரவனுக்குப் பானை ஏற்றிய அதே பெண்தான் மழையில்லாத மாதத்தில் பானையேந்தி வானத்தை நிற்க வைத்துக் கேட்கிறாள். முதலாவது இல்லாமல் இரண்டாவதற்கு உரிமை இல்லை. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது வெறும் பணிவாகத் தேய்ந்துவிடும். வானத்தோடு உறவு இருக்கிறது என்று நம்புகிறவளால்தான் வானத்திடம் கோபித்துக்கொள்ள முடியும்.

இங்கே தற்கால உளவியலோடு ஓர் ஒப்பீடு அவசியமாகிறது. நன்றிப் பயிற்சி பற்றிய ஆய்வுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்டது. அதன் முதல் சோதனையில் கல்லூரி மாணவர்கள் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழு வாரத்துக்கொருமுறை தாங்கள் நன்றிகொள்ளும் விஷயங்களை ஐந்து வரை எழுதியது. இன்னொரு குழு தங்களுக்கு ஏற்பட்ட தொல்லைகளை எழுதியது. மூன்றாவது குழு பொதுவான நிகழ்வுகளை எழுதியது. நன்றியை எழுதியவர்கள் தம் வாழ்க்கையை மற்றவர்களைவிட நல்லவிதமாக மதிப்பிட்டார்கள், உடல் உபாதைகளையும் குறைவாகச் சொன்னார்கள். சோதனை என்ற அளவில் இப்படிப் பிரித்தது முறையானதே. ஆனால் அந்தப் பிரிப்பு ஆய்வுக்கூடத்தைத் தாண்டி அறிவுரையாக மாறியபோது, பேறுகளை எண்ணுகிறவர், தொல்லைகளை எண்ணுகிறவர் என்று இரு வகை மனிதர்கள் இருப்பதாகவும் முதல் வகையில் சேர்ந்துவிடுவது நம் கையில் இருப்பதாகவும் ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. மேட்டுநிலத்தின் நாட்காட்டி அப்படிப் பிரிப்பதில்லை. அங்கே இரண்டு ஏடும் ஒருவர் கையிலேயே இருக்கின்றன.

நம் பழைய நூல்களிலும் இதற்குச் சான்று உண்டு. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்து திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றித் தொடங்குகிறது என்பது எல்லோரும் அறிந்தது. அன்றாடம் தலைக்கு மேல் இருப்பதால் மறக்கப்படுகிறவற்றை இளங்கோ முதலில் வைத்தார். திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து உடனே வரும் வான்சிறப்பை நாம் இன்னும் கூர்ந்து படிக்க வேண்டும். மழையைப் போற்றும் அதிகாரம் என்று அதைப் பள்ளியில் கற்பிக்கிறோம். ஆனால் அதன் பத்துக் குறள்களில் பாதிக்கு மேல் மழை இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதையே பேசுகின்றன. பசி, உழவு நிற்றல், புல்லும் தலைகாட்டாமை, கடலும் தன் வளம் குன்றுதல், விழாவும் வழிபாடும் தடைப்படுதல், தானமும் தவமும் அற்றுப்போதல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறார் வள்ளுவர். மழையின் அருமையை அவர் அதன் இன்மையைக் கொண்டே அளக்கிறார். இல்லாமையைப் பேசுவது நன்றிகெட்ட செயல் என்றால் இந்த அதிகாரத்துக்கு நூலில் இடமே இருந்திருக்காது.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை இந்த வாதத்துக்கு அண்மைக்காலச் சோதனையாக அமைந்தது. அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு மழை குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நான்காம் நாள் பொங்கல். விளைச்சலுக்கு நன்றி சொல்வதுதான் பொங்கல் என்றால் அவ்வாண்டு மானாவாரி நிலங்களில் பொங்கலே வந்திருக்கக் கூடாது. வந்தது, ரேஷன் அரிசியில் பானை ஏறியது. அதே மாதங்களில் உழவர்கள் நிவாரணம் கேட்டு அரசு அலுவலகங்களின் முன் நின்றார்கள். தமிழக உழவர் சிலர் டெல்லி வரை போய்ப் போராடினார்கள். பொங்கல் வைத்தவர் எப்படிப் போராடலாம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கேள்வியே நம் ஊரில் யாருக்கும் விளங்கியிருக்காது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பை நேராகச் சந்திக்க வேண்டும். நன்றி என்பது காலங்காலமாக எளியவரை அடக்கி வைக்கும் கருவியாகவே இருந்தது, அதைப் போற்றுவது ஏன் என்று கேட்கலாம். மறுப்பு வலுவானது. களத்துமேட்டை நினைத்துப் பாருங்கள். தானியம் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று எண்ணுவார்கள். பொலி பெருகட்டும் என்ற ஆசை அதில் இருக்கிறது. அழகான வழக்கம். ஆனால் அந்தக் களத்தின் ஓரத்தில் தச்சரும் கொல்லரும் வண்ணாரும் நாவிதரும் பண்ணையாளும் தங்கள் பங்குக்காகக் காத்து நின்றார்கள். ஆண்டு முழுவதும் உழைத்ததற்கான கூலி அது. இருந்தும் அதைக் கொடை வாங்குவதுபோல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாங்க வேண்டியிருந்தது. உழைத்தவன் நன்றி சொன்னான், உழைப்பைப் பெற்றவன் அதை ஏற்றுக்கொண்டான். சாதி அடுக்கு நன்றியின் திசையைத் தலைகீழாக்கியது. உண்ட சோற்றுக்கு விசுவாசம் என்ற பேரில் எத்தனை தலைமுறை வாய்மூடி இருந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

ஜெர்மானியச் சமூகவியலாளர் கியார்க் சிம்மல் 1908இல் நன்றியைப் பற்றி எழுதுகையில், முதலில் கொடுத்தவரின் செயலில் ஒரு சுதந்திரம் இருக்கிறது, திருப்பிக் கொடுப்பவரின் செயலில் அது இல்லை, ஆகவே முதற்கொடையை முழுதாக ஈடுகட்டவே முடியாது என்றார். செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தின் முதற்குறளும் இதையே சொல்கிறது: தான் முன்பு எதுவும் பெறாதிருந்தும் ஒருவர் செய்த உதவிக்கு மண்ணும் விண்ணும் ஈடாகா. களத்துமேட்டு அநீதி எங்கே இருந்தது என்பது இதைக் கொண்டு தெளிவாகிறது. அங்கே முதற்கொடை பண்ணையாளின் உழைப்பு. நிலக்காரர் அளந்து போட்டது அதற்கான பதில், அதுவும் குறைந்த பதில். முதலில் கொடுத்தவனைக் கடன்பட்டவனாக மாற்றிக் காட்டியதுதான் அங்கே நடந்த மோசடி. அதற்காக நன்றியையே தூக்கி எறிய வேண்டியதில்லை. யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கணக்கைச் சரியாகப் போட வேண்டும்.

அந்தக் கணக்கை இன்று போட்டுப் பார்த்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன. மேட்டுநிலத்துக் குடும்பங்களுக்கு நெல்லுச்சோறு ஒருகாலத்தில் நோன்பு நாள் உணவு. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி கிடைக்கிறது. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவை உரிமையாகவே எழுதியது. ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்படி 2006 பிப்ரவரியில் முதற்கட்டமாகத் தொடங்கிய ஆறு தமிழக மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. இவற்றுக்காக ஆட்சியாளருக்கு நன்றிக்கடன் பட்டிருப்பதாகவும் அதை வாக்காகத் தீர்க்க வேண்டும் என்றும் மேடைதோறும் சொல்கிறார்கள். இது களத்துமேட்டு மோசடியின் புதுப்பதிப்பு. வரிப்பணம் மக்களுடையது, உரிமை சட்டத்தினுடையது. அரிசி கல்லும் புழுவுமாக வந்தால் கேட்பது உரிமை. கேட்பவரை நன்றிகெட்டவர் என்பது அநியாயம்.

உரிமை என்று ஆன பிறகு நன்றிக்கு வேலை இல்லையா? இருக்கிறது, ஆனால் அது போக வேண்டிய முகவரி வேறு. குழாயில் தண்ணீர் வருவது உரிமை. அது விடியுமுன் வருவதற்கு ஊராட்சியில் ஓர் ஆள் எழுந்து போய் மோட்டார் போட்டு, மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் ஒவ்வொரு தெருவுக்காக வால்வைத் திறந்துவிடுகிறார். டேங்க் ஆபரேட்டர் என்று அவரைச் சொல்கிறோம், பெயர் பலருக்குத் தெரியாது. தெருவைக் கூட்டிக் குப்பையை வாங்கிச் செல்லும் தூய்மைக் காவலரும், எடைபோடும்போது கை நடுங்காத ரேஷன் கடைக்காரரும், சத்துணவுக் கூடத்து அடுப்பின் முன் நிற்கும் ஆயாவும் இப்படிப்பட்டவர்களே. இவர்களுக்குரிய நன்றி புன்னகையோடு முடிந்துவிடலாகாது. ஊதியம் மாதந்தோறும் வருகிறதா, போதுமா என்று விசாரிப்பதும், வரவில்லையென்றால் அவர்களோடு சேர்ந்து கேட்பதும் அந்த நன்றியில் அடங்கும். மாட்டுக்குப் புதுக்கயிறு மாற்றிய பண்பாடு மனிதருக்கு இதைச் செய்யத் தயங்குவதை நான் பெரிய குறையாகவே காண்கிறேன்.

எனவே பள்ளிகளில் நன்றிப் பயிற்சி நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் தமக்குக் கிடைத்த நல்லவற்றை எழுதட்டும். ஒவ்வொன்றும் யார் கையால் வந்தது என்பதையும் எழுதட்டும். அதே தாளில், கிடைக்க வேண்டியதாயிருந்தும் கிடைக்காதது எது, அதை யாரிடம் கேட்க வேண்டும் என்பதற்கும் இடம் விடுங்கள். அதை எழுதும் பிள்ளையைத் திருத்த வேண்டாம். நாட்டார் வழக்காற்றியல் துறைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மழைச்சோறு எடுத்து வானத்தைக் கேள்வி கேட்ட பெண்களில் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். குஜிலியம்பாறை வட்டாரத்தில் அவர்களின் ஒப்பாரியைப் பொங்கல் பாட்டுகளோடு சேர்த்து ஒரே தொகுப்பாகப் பதிவு செய்யுங்கள், தனித்தனியாகப் பிரித்துவிடாதீர்கள்.