பாட்டுக்கு உரியவர் யார்? கெடா தோட்டங்களும் பதிப்புரிமையும்

‘பதிப்புரிமை’ என்னும் சொல்லை நாம் ஆராய்ந்து நோக்குதல் வேண்டும். அஃது அச்சுப் பதிப்பைக் கருதிப் பிறந்த சொல். ஆகவே, அச்சேறாத வாய்மொழிக்கு அச்சொல்லிலேயே இடமில்லை. இக்குறை சொல்லோடு நில்லாமல் சட்டத்திலும் தொடர்வதை நம் நாட்டு வரலாறு காட்டுகின்றது.

வளரும் நாடுகள் முதலில் பிறர் ஆக்கங்களை எடுத்தாண்டு கற்கின்றன. தம் ஆக்கங்கள் பெருகிய பின்னரே வேலியிடுகின்றன. அமெரிக்கா 1790இல் பதிப்புரிமைச் சட்டம் இயற்றியும், 1891 வரை அயல்நாட்டு எழுத்தாளருக்குப் பாதுகாப்பு அளிக்கவில்லை. அதே அமெரிக்கா 1984இல் இயற்றிய வணிகச் சட்டத்தால், வளரும் நாடுகளுக்கான வரிச்சலுகையை அறிவுசார் சொத்துப் பாதுகாப்போடு பிணைத்தது. மலேசியாவில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. 1990இல் நாடு பெர்ன் உடன்படிக்கையில் இணைந்தது.

இச்சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஓர் ஆக்கம் எழுதப்பட்டோ பதிவு செய்யப்பட்டோ பருவடிவம் பெற்றிருத்தல் வேண்டும் என்கின்றது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, மாலையில் லயத்தில் தாலாட்டுப் பாடிய தாயின் பாட்டு எந்தத் தாளிலும் ஏறவில்லை. வாய்மொழியாக நிற்கும்வரை அதற்குப் பதிப்புரிமை எழுவதில்லை. ஒருவர் அதனை ஒலிப்பதிவு செய்தாலோ, அவ்வொலிப்பதிவின் உரிமை, பதிவுக்கு ஏற்பாடு செய்தவரைச் சேர்கின்றது. பாடியவர் வெறுங்கையோடு நின்றார்.

2000ஆம் ஆண்டுத் திருத்தம் இந்நிலையை ஓரளவு மாற்றியது. நிகழ்த்துநர் உரிமை சட்டத்தில் இடம்பெற்றது. நாட்டார் வழக்காறுகளை நிகழ்த்துவோரும் அதனுள் அடங்குவர். எனினும், அவ்வுரிமை நிகழ்த்தியவருக்கே உரியது. தலைமுறைகளாகப் பாட்டை வளர்த்த சமூகத்திற்கு அன்று.

இரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம்விட்டன, லயங்கள் கலைந்தன, பாடியவர்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். சட்டம் முழுமை பெறும்வரை காத்திருக்க நமக்குக் காலமில்லை. ஆகவே, ஆசிரியர்களும் மாணவர்களும் பாட்டைத் திரட்டும்பொழுது, பாடியவரின் ஒப்புதலை முதலில் பெறுக. அவர் விரும்பினால் அவர் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், நாளையும் குறித்து வைக்குக. பதிவின் படியொன்றை அவர் கையில் கொடுக்குக. ‘உரிமை’, ‘உரியது’ என்னும் இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். உரியவரை அறியாமல் உரிமையைப் பேசுதல் இயலாது.