பிரிந்த குடும்பமும் பாதுகாப்புக் கேள்வியும்: சிங்கப்பூர்ச் சட்ட வரலாற்றில் ஒரு நோக்கு

கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டால் துன்பம் தீர்ந்தது என்று பலர் கருதுவர். வன்முறை நிகழும் இல்லங்களுக்கு இக்கருத்துப் பொருந்தாது. பிரிய முற்படும் வேளையிலேயே இடர் மிகுவதும் உண்டு. ஆகவே, பிரிவோரின் பாதுகாப்பையும் பிள்ளைகளின் நலனையும் முன்கூட்டியே கேட்டறிதல் இன்றியமையாததாகின்றது. சிங்கப்பூரில் இக்கேள்வி உருப்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கின்றது.

தொடக்கத்தில் சட்டம் திருமணத்தின் வடிவையே நோக்கியது. இந்து ஆடவர் பலரை மணப்பதற்கு அந்நாளில் தடையில்லை. பிழைக்க வந்தோருக்கு ஊரில் ஒரு குடும்பமும் சிராங்கூன் சாலைப் பகுதியில் மற்றொரு குடும்பமும் அமைய இது இடமளித்தது. 1952இல் தோன்றிய சிங்கப்பூர் மாதர் மன்றம் சிரின் போஸ்தார் முதலியோரின் முயற்சியால் ஒருதார மணத்திற்குக் குரல் கொடுத்தது. 1961இல் நிறைவேறிய மாதர் சாசனம் முஸ்லிம் அல்லாதாருக்கு அதனைச் சட்டமாக்கியது. மனைவி மக்களின் வாழ்க்கைப்படியும் அச்சாசனத்தில் இடம்பெற்றது.

அடுத்து, சட்டத்தின் பார்வை வீட்டினுள் சென்றது. 1996ஆம் ஆண்டுத் திருத்தம் 1997 மே மாதம் நடப்புக்கு வந்தது. அச்சுறுத்தல், அடைத்து வைத்தல், தொடர்ந்து தொல்லை தருதல் ஆகியனவும் குடும்ப வன்முறை எனக் கொள்ளப்பட்டன. 2011 முதல் மணமுறிவு கோரும் பெற்றோருக்குப் பிள்ளை நலன் கருதிய ஆலோசனையும் சமரசப் பேச்சும் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டன. 2014இல் குடும்ப நீதிக்கெனத் தனி நீதிமன்ற அமைப்பு உருவாயிற்று. 2023இல் நிறைவேறி 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம், உடல், பாலியல், மனம் சார்ந்த கொடுமைகளைத் தெளிவாக வரையறுத்தது.

எனினும், சட்டத்தின் சொல் தமிழ்ப்பெண்ணின் சொல்லாக மாறும்போதே கேள்வி பயன்தரும். "வன்முறை உண்டா?" என வினவினால் "சண்டைதான்" என்பார். கடவுச்சீட்டை யார் வைத்திருக்கிறார், சம்பளம் யார் கைக்குச் செல்கிறது, தாய்வீட்டுக்குத் தொலைபேசியில் பேச முடிகின்றதா என வினவினால் உண்மை வெளிப்படும். தமிழகத்திலிருந்து மணமாகி வந்து, கணவரின் ஆதரவில் பெற்ற அனுமதி அட்டையுடன் வாழ்பவருக்கு, உண்மையைச் சொன்னால் நாடு திரும்ப நேருமோ என்னும் அச்சமும் உண்டு. இருவரையும் ஒன்றாக அமர்த்தி வினவுவதும், உறவினரையே மொழிபெயர்ப்பாளராக்குவதும் அவர் வாயை அடைத்துவிடும்.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டம் தன் கேள்வியைத் திருத்தி வந்துள்ளது. அக்கேள்வியைத் தனியறையில், பொறுமையுடன், நல்ல தமிழில் கேட்பதே இனி எஞ்சிய பணி எனலாம்.