பருந்துக் கணக்கு

பினாங்குத் துறைமுகத்தின்மேல் செம்பருந்தொன்று வட்டமிடக் கண்டால், நம்மவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கருட தரிசனம் கிடைத்ததென்று மகிழ்வர். அதனினும் மிக உயரத்தில், ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில், ஜப்பானிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் சீனத்திலிருந்தும் புறப்பட்ட வேட்டைப் பறவைகள் இத்தீபகற்பத்தின் வழியே கூட்டங்கூட்டமாகத் தெற்கு நோக்கிச் செல்கின்றன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஒன்றைத் தொழுத கண்ணுக்கு ஆயிரம் தெரியாமற் போயிற்று. அப்பறவைகளைத் தொழாமலும் சுடாமலும், ஓரிடத்தில் அமர்ந்து எண்ணியவர்களின் வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணுவது என் பிழைப்பு. செபராங் பிறையில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி. விடியுமுன் பெரட்டில் ஆளை எண்ணுகிறேன். பிற்பகலில் குலையை எண்ணுகிறேன். ஆதலின், ஊதியத்துக்கன்றி உண்மைக்காக எண்ணியவர் ஒருவர் இருந்தார் என்று படித்தபோது, அவர் கதை என்னை விடவில்லை.

அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாகாணத்தில் கிட்டட்டின்னி என்னும் நெடிய மலைத்தொடர் உண்டு. இலையுதிர் காலத்தில் வீசும் காற்று அதன் சரிவில் மோதி மேலெழும். பருந்துகள் சிறகடித்துக் களைக்காமல், அக்காற்றின்மீது மிதந்தபடியே தெற்கே செல்லும். இவ்வழியைத் தெரிந்துகொண்ட வேட்டைக்காரர்கள் மலையுச்சியிலே துப்பாக்கியோடு காத்திருந்தனர். பருந்து திருட்டுப் பறவை, கொல்லத்தக்கது என்பதே அந்நாளைய பொது எண்ணம். 1929இல் அம்மாகாண அரசாங்கமே, பெரும் வல்லூறு வகையொன்றைக் கொன்று வருவோருக்குத் தலைக்கு ஐந்து டாலர் கொடுக்க முன்வந்தது.

1932இல் ரிச்சர்ட் பௌ என்னும் இளைஞர் அம்மலைக்குச் சென்று, சுடப்பட்டு விழுந்து கிடந்த பறவைகளைப் பொறுக்கி, வரிசையாகக் கிடத்திப் படம் பிடித்தார். அச்செய்தி நியூயார்க்கில் ராஸலி எட்ஜ் என்னும் அம்மையாரின் உள்ளத்தைச் சுட்டது. அவர் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். 'பெண்ணுக்கு வாக்கு எதற்கு?' என்றவர்களை எதிர்த்து நின்றவருக்கு, 'பருந்துக்கு உயிர் எதற்கு?' என்றவர்கள் எம்மாத்திரம்? 1934இல் அம்மலையில் ஏறத்தாழ 1,400 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார். பின்னர் விலைக்கே வாங்கினார். மாரிஸ் புரூன், ஐர்மா என்னும் தம்பதிகளைக் காவலுக்கு வைத்தார். மனைவி பாதையின் வாயிலில் நின்று துப்பாக்கிக்காரர்களைத் திருப்பியனுப்பினார். கணவர் உச்சிப் பாறையில் அமர்ந்து, கடந்து சென்ற ஒவ்வொரு பறவையையும் இனம் பிரித்து ஏட்டில் பதிந்தார். உலகப்போரின்போது 1943 முதல் 1945 வரை நின்ற மூன்று பருவங்கள் நீங்கலாக, அக்கணக்கு இன்றளவும் நடந்துவருகிறது.

'எண்ணி என்ன பயன்?' என்று கேட்போருக்குக் காலமே விடை கூறிற்று. வெண்தலைக் கழுகின் குஞ்சு வளர்ந்து பறந்த பின்னும், அதன் தலை வெளுக்கச் சில ஆண்டுகள் செல்லும். ஆகவே மலையுச்சியில் இருப்பவர் இளையது எது, முதியது எது என்று பிரித்தெழுத முடிந்தது. 1935 முதல் 1939 வரை கண்ட கழுகுகளில் நூற்றுக்கு 40 இளையவை. 1955 முதல் 1959 வரையிலோ நூற்றுக்கு 20தான். 1957இலோ முதியவை 32க்கு இளையது ஒன்றே! முதியவை பறந்துகொண்டிருந்தன; பிள்ளைகளைக் காணவில்லை. வயல்களிலும் காடுகளிலும் தெளித்த டி.டி.டி. என்னும் நஞ்சு நீரில் இறங்கி, மீனில் ஏறி, மீனைத் தின்ற கழுகின் முட்டையோட்டை மெலிவித்ததே காரணமென்பது பின்னர்த் தெளிவாயிற்று. இக்கணக்கை ரேச்சல் கார்ஸன் 1962இல் தாம் எழுதிய 'மௌன வசந்தம்' என்னும் நூலில் சான்றாக எடுத்துவைத்தார். 1972இல் அமெரிக்கா அந்நஞ்சை விலக்கிற்று. புரூன் முதன்முதல் ஏட்டைத் திறந்த நாளில் டி.டி.டி. என்ற பெயரையே கேட்டிருக்கமாட்டார். இன்னதற்கென்று தெரியாமலே நேர்மையாக எழுதிய கணக்கு, வேண்டிய நாளில் வழக்காடிற்று.

நிற்க. நஞ்சென்றதும் எனக்கு என் தாயார் நினைவு வருகிறது. முதுகில் தோம்பைச் சுமந்து அவர் பல்லாண்டு மருந்தடித்தார். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி அது. இந்நாட்டில் 2002இல் தடுக்கப்பட்டு, 2006இல் மீண்டும் விடப்பட்டு, 2020இல்தான் முற்றிலும் விலக்கப்பட்டது. அவருக்கு நகம் கருத்து விழுந்ததும் உண்டு. மூக்கில் இரத்தம் வடிந்ததும் உண்டு. அவர் வேலை செய்த தோட்டத்தின் பழைய ஏட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். எத்தனை லிட்டர் மருந்து, எத்தனை ஏக்கர், எத்தனை ஆள் என்பதெல்லாம் ஒரு புள்ளி பிசகாமல் இருந்தன. நகம் விழுந்த நாள் அங்கே இல்லை. அதை எழுதாது விட்டவரும் என்போல் ஒரு கிராணிதான். கழுகுக்குக் கிடைத்த கணக்கப்பிள்ளை என் தாய்க்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டிலும் பருந்தை எண்ணுவோர் இல்லாமலில்லை. 1940இல் தோன்றிய மலாயா இயற்கைக் கழகமே இன்று மலேசிய இயற்கைக் கழகமாக வழங்குகிறது. அது 2000ஆம் ஆண்டு முதல் தஞ்சோங் துவான் முனையில் பருந்து காணும் விழாவை நடத்தத் தொடங்கியது. அது மார்ச்சு மாதத்தில், பறவைகள் சுமத்ராவிலிருந்து வடக்கே மீளும் காலம். கடலின்மேல் வெப்பக்காற்று மேலெழுவது குறைவு. எனவே அவை நீரிணை குறுகிய இடம் பார்த்துக் கடந்து, அம்முனையின் கலங்கரை விளக்கத்தருகே களைத்துத் தாழ வருகின்றன. இலையுதிர் காலத்திலோ நமக்கு வடக்கே, தாய்லாந்தின் சும்போனில் குன்றேறி எண்ணுகிறார்கள். அங்கு ஒரு பருவத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவை கடக்கின்றன.

சென்ற அக்டோபரில் ஒரு ஞாயிறன்று நான் கொடிமலைக்குச் சென்றேன். வெயிலேறியதும் தேன்பருந்துகள் ஒரே இடத்தில் சுழன்று சுழன்று எழுந்தன. சுழலும்போது எண்ண முயன்றால் பிழைபடும். உச்சியை எட்டியதும் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்து வழுக்கிச் செல்லும், அப்போதே எண்ணவேண்டும். கலைந்து நிற்பவர்களைக் கங்காணி நிரை சேர்த்த பின்னர்ப் பெயர் போடும் நமது பெரட்டும் அப்படித்தானே! அன்று 41 எழுதினேன். சிறிய எண்தான். ஆயினும் தேதியோடு எழுதியிருக்கிறேன்.

அதே குறிப்பேட்டின் பின்பக்கத்திலிருந்து வேறொரு கணக்கும் எழுதிவருகிறேன்: மருந்தடித்த நாளில் யாருக்கு மயக்கம், யாருக்கு இருமல், எத்தனை நாள் என்பது. அதை எவரும் கேட்கவில்லை. புரூனிடமும் தொடக்கத்தில் எவரும் கேட்கவில்லை.