தாங்கும் என்றது ஸ்டிக்கர்

2006-ம் வருஷம் அமெரிக்கக் கடைகளில் விற்ற புது கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: ‘விண்டோஸ் விஸ்டா கேப்பபிள்’. விஸ்டா அப்போது இன்னும் கடைக்கு வரவில்லை. வந்தால் இந்த மெஷின் அதைத் தாங்கும் என்பதுதான் ஸ்டிக்கரின் அர்த்தம். வாங்கினவங்க அப்படித்தான் படிச்சாங்க. வேற எப்படிப் படிக்க முடியும்?

ஸ்டிக்கருக்கு ஏன் தேவை வந்தது? எக்ஸ்பி வெளியானது 2001 அக்டோபரில். அடுத்த விண்டோஸுக்கு உள்ளே வைத்த செல்லப் பெயர் ‘லாங்ஹார்ன்’. அது இழுத்துக்கொண்டே போனது. 2004-ல் எழுதியதில் பெரும்பகுதியை ஓரங்கட்டிவிட்டு, வேறொரு அடித்தளத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். 2006 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட், வீட்டு உபயோகத்துக்கான விஸ்டா அடுத்த ஜனவரியில்தான் வரும் என்று அறிவித்தது. அதாவது கிறிஸ்துமஸ் விற்பனை முடிந்த பிறகு. நம்ம ஊர் துணிக்கடைக்கு தீபாவளி எப்படியோ, அமெரிக்காவில் கம்ப்யூட்டர் விற்பவர்களுக்கு அந்த சீசன் அப்படி. புது விண்டோஸ் ஜனவரியில வருதுன்னா டிசம்பர்ல யாரு கம்ப்யூட்டர் வாங்குவா? ‘பயப்படாம வாங்குங்க, பிறகு மாத்திக்கலாம்’ என்று சொல்ல ஏதாவது வேண்டியிருந்தது. அதற்குத்தான் ஸ்டிக்கர்.

விஸ்டா உண்மையிலேயே கனமானதுதான். எக்ஸ்பியில் ஒரு ப்ரோக்ராம் ஹேங் ஆனால், அதன் மேல் வேறொரு விண்டோவை இழுக்கும்போது கோடு கோடாகத் தடம் விழுமே, ஞாபகம் இருக்கிறதா? எக்ஸ்பியில் எல்லா விண்டோக்களும் ஒரே திரையில் நேரடியாக வரைந்தன. மேலே இருப்பது நகர்ந்தால், கீழே இருப்பது தன்னை மறுபடி வரைந்துகொள்ள வேண்டும். ஹேங் ஆனதால் வரைய முடியாது. அதனால் அந்தத் தடம். விஸ்டாவின் ‘ஏரோ’ முகப்பில் ஒவ்வொரு விண்டோவும் நினைவகத்தில் தனக்கென ஒரு தாளில் வரையும். எல்லாத் தாள்களையும் அடுக்கித் திரைக்கு அனுப்புவது கிராஃபிக்ஸ் சிப்பின் வேலை. கண்ணாடி மாதிரி தெரியும் ஓரங்கள், வழுக்கி நகரும் விண்டோக்கள் எல்லாம் அதனால் வந்தவை. இதற்கு நிறைய நினைவகம் வேண்டும், திறமான சிப் வேண்டும், அந்தச் சிப்புக்குப் புதிய வகை டிரைவரும் வேண்டும்.

ஆக, ‘இந்த மெஷின் விஸ்டாவைத் தாங்குமா?’ என்ற கேள்விக்கு அளந்து பார்த்துப் பதில் சொல்லியிருக்கலாம். பதில் இரண்டாக உடைந்தது. ‘ப்ரீமியம் ரெடி’ என்றால் 1 ஜிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 1 ஜி.பி. நினைவகம், புது டிரைவர் உள்ள கிராஃபிக்ஸ். வெறும் ‘கேப்பபிள்’ என்றால் 800 மெகாஹெர்ட்ஸ், 512 எம்.பி. போதும். அதில் ஏரோ இல்லாத ‘ஹோம் பேசிக்’ ஓடும். விளம்பரங்களில் மக்கள் பார்த்து ஆசைப்பட்டது கண்ணாடி விஸ்டாவை. ஸ்டிக்கர் வாக்குக் கொடுத்ததோ, கண்ணாடியைக் கழற்றி வைத்த விஸ்டாவுக்கு.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. ‘கேப்பபிள்’ ஸ்டிக்கருக்கும் புது டிரைவர் கட்டாயம் என்றுதான் முதலில் விதி இருந்தது. இன்டெலின் 915 சிப்செட்டுக்கு அந்த டிரைவர் கிடையாது. அடுத்து வந்த 945-க்கு உண்டு. ஆனால் 915 வைத்த மலிவான லேப்டாப்கள் சந்தையில் ஏராளம். விதி அப்படியே இருந்தால் அவற்றுக்கு ஸ்டிக்கர் கிடையாது. 2006 ஜனவரி முடிவில் மைக்ரோசாஃப்ட் விதியைத் தளர்த்தியது. விதியை நம்பி நல்ல கிராஃபிக்ஸில் பணம் போட்டிருந்த எச்.பி. கொதித்தது.

இதெல்லாம் வெளியே தெரிய வந்தது வழக்கால். 2007-ல் சியாட்டில் ஃபெடரல் நீதிமன்றத்தில், ஸ்டிக்கர் ஏமாற்றியது என்று வாங்கியவர்கள் தரப்பில் வழக்கு. 2008-ல் நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்கள் பொதுவுக்கு வந்தன. இன்டெல் அந்தக் காலாண்டு வருமானக் கணக்கை எட்டுவதற்கு உதவத்தான் தகுதியைக் குறைத்தோம் என்று ஜான் கால்க்மன் என்ற மைக்ரோசாஃப்ட் அதிகாரி எழுதியிருந்தார். அவருக்கு எங்கள் கணக்கெல்லாம் தெரியாது என்று இன்டெல் மறுத்தது. மைக் நாஷ் என்ற துணைத் தலைவரின் மின்னஞ்சல் இன்னும் சுவாரஸ்யம். ஸ்டிக்கரை நம்பி அவரும் 915 சிப் லேப்டாப் ஒன்று வாங்கியிருக்கிறார். ஏரோ ஓடவில்லை, மூவி மேக்கரும் ஓடவில்லை. 2,100 டாலர் கொடுத்து மின்னஞ்சல் பார்க்க ஒரு மெஷின் வாங்கியிருக்கிறேன் என்று நொந்து எழுதினார். விண்டோஸை விற்கும் கம்பெனியின் துணைத் தலைவருக்கே ஸ்டிக்கரின் உள்ளர்த்தம் புரியவில்லை. கடையில் நிற்கிற கல்லூரிப் பெண்ணுக்கு எப்படிப் புரியும்?

வழக்கு என்னாச்சு? 2008-ல் நீதிபதி மார்ஷா பெக்மன் அதைக் கூட்டு வழக்காக ஏற்றார். 2009 பிப்ரவரியில் அவரே அந்தத் தகுதியை நீக்கினார். ஸ்டிக்கரால் அந்தக் கம்ப்யூட்டர்களுக்கான தேவையும் விலையும் ஏறின என்று வாங்கியவர்கள் தரப்பு நிரூபிக்க வேண்டியிருந்தது. முடியவில்லை. வேண்டுமானால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்குப் போடலாம். ஒரு லேப்டாப்புக்காக மைக்ரோசாஃப்ட்டோடு தனியாளாக யார் மல்லுக்கட்டுவார்?

அதே 2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வந்தது. எல்லாரும் கொண்டாடினார்கள். அதன் குறைந்தபட்சத் தேவை 1 ஜிகாஹெர்ட்ஸ், 1 ஜி.பி., புது வகை டிரைவர். கிட்டத்தட்ட பழைய ‘ப்ரீமியம் ரெடி’ பட்டியலேதான். மைக்ரோசாஃப்ட் நினைவகச் செலவைக் குறைத்திருந்தது உண்மை. ஆனால் அந்த மூன்று வருஷத்தில் கடையில் இருந்த மெஷின்களும் வளர்ந்திருந்தன. 2006-லேயே அந்தக் கோட்டை நேர்மையாகப் போட்டிருந்தால், மலிவு லேப்டாப் பலவற்றில் ஸ்டிக்கர் இருந்திருக்காது, ஒரு சீசன் விற்பனை அடிவாங்கியிருக்கும். அவ்வளவுதான் நஷ்டம். அதைத் தவிர்க்க, விஸ்டாவின் பெயரையே கொடுத்தார்கள்.

கோடு மேலே போனாலும் கதை இதேதான். 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறை ப்ராசஸராவது வேண்டும் என்றார்கள். பாதுகாப்புதான் காரணம் என்றார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் மைக்ரோசாஃப்ட் அப்போது விற்றுக்கொண்டிருந்த சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-வில் இருந்தது 7-வது தலைமுறை சிப். கொஞ்ச நாளில் அந்தச் சிப் விலக்குப் பெற்றுப் பட்டியலில் ஏறியது. அதே தலைமுறையின் மற்ற மெஷின்கள் பெரும்பாலும் வெளியே நின்றன. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. நன்றாக ஓடும் கம்ப்யூட்டர்களை வைத்திருந்தவர்கள் முழித்தார்கள்.

சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘குறைந்தபட்சத் தேவை’ என்ற வரியை எஞ்சினியர் மட்டும் எழுதுவதில்லை. அந்த மேஜையில் விற்பனைக்காரர் இருப்பார், சிப் கம்பெனிக்காரர் இருப்பார், காலாண்டுக் கணக்கு இருக்கும். வாங்குபவருக்கு மட்டும் நாற்காலி கிடையாது. ‘ஓடும்’ என்பதற்கும் ‘நன்றாக ஓடும்’ என்பதற்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அவர்தான் தன் காசில் கடக்கிறார். புது மெஷினில் இப்போது ‘ஏ.ஐ.’ ஸ்டிக்கர் ஒட்டி வருகிறது. கடைக்காரரிடம் ‘தாங்குமா?’ என்று கேட்காதீர்கள். எதைத் தாங்கும், என்னென்ன ஓடாது என்று கேளுங்கள்.