22 அடிப் பீடமும் 1,659 அடிச் சுரங்கமும்

“அப்பா, சிலைய ஏன் இவ்ளோ உயரத்துல வச்சிருக்காங்க? முகமே தெரியலையே!”

என் மகள் கேட்ட கேள்வி இது. ஆண்டிறுதி விடுமுறையில் சேக்ரமெண்டோவிலுள்ள என் சித்தி மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கிருந்து காடியில் இரண்டு மணி நேரம் மலை ஏறினால் டொனர் நினைவு மாநிலப் பூங்கா. சியரா நெவாடா மலைத்தொடரில், டிரக்கி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் நடுவே ஒரு குடும்பத்தின் வெண்கலச் சிலை. அதைத் தாங்கும் கல் பீடத்தின் உயரம் மட்டும் 22 அடி. 1846-47 குளிர்காலத்தில் அங்கே விழுந்த பனியின் ஆழத்தைக் காட்டத்தான் அந்த உயரமாம். மகளைப் பீடத்தின் அடியில் நிற்க வைத்து, “உன் தலைக்கு மேல அந்த விளிம்பு வரைக்கும் பனி,” என்றேன். பிறகு அவள் பேசவே இல்லை.

கதையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1846இல் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து மாட்டு வண்டிகளில் சில குடும்பங்கள் கலிபோர்னியாவுக்குக் கிளம்பின. வழியில் மற்றவர்களும் சேர, 87 பேர் ஆனார்கள். லான்ஸ்ஃபோர்டு ஹேஸ்டிங்ஸ் என்பவர் 1845இல் ஒரு வழிகாட்டி நூல் எழுதி, அதில் ஒரு குறுக்குப் பாதையைச் சொல்லியிருந்தார். எழுதியபோது அவரே அந்தப் பாதையில் போனதில்லை! அதை நம்பியதால் மலையையும் உப்புப் பாலையையும் கடப்பதிலேயே வாரக்கணக்கில் நாள் போயிற்று. அக்டோபர் கடைசியில் இந்தக் கணவாயின் அடிக்கு வந்தபோது பனி முந்திக்கொண்டது. ஏரிக்கரையில் குடிசை போட்டார்கள். மாடுகள் தீர்ந்தன, தோலை வேகவைத்துத் தின்றார்கள், கடைசியில் இறந்தவர்களின் உடலையும். பிப்ரவரியில் முதல் மீட்புக் குழு வந்தது. கடைசி ஆள் வெளியேறியது ஏப்ரலில். பிழைத்தவர்கள் பாதிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? பேட்ரிக் பிரீன் என்பவர் அந்தக் குடிசையில் இருந்துகொண்டே நாட்குறிப்பு எழுதினார். அது இன்றும் பெர்க்லியிலுள்ள பேன்கிராஃப்ட் நூலகத்தில் இருக்கிறது. அவருடைய குடிசை இருந்த இடத்தில்தான் இந்த நினைவுச் சின்னமே நிற்கிறது. 

அந்தக் கதைக்குள்ளேயே யாரும் அதிகம் பேசாத இருவர் இருக்கிறார்கள். லூயிஸ், சால்வடோர் என்ற இரண்டு மிவோக் பழங்குடி இளைஞர்கள். இவர்கள் வழி தவறி வந்து மாட்டிக்கொண்டவர்கள் அல்லர். சட்டர் கோட்டையிலிருந்து உணவு மூட்டைகளோடு உதவிக்கு அனுப்பப்பட்டவர்கள். டிசம்பரில் பனிக்காலணி கட்டிக்கொண்டு மலையைத் தாண்டப் புறப்பட்ட சிறு குழுவோடு சென்றார்கள். மனித மாமிசத்தைத் தொட மறுத்தார்கள். தங்களைக் கொல்லப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்ததும் தப்பி ஓடினார்கள். சில நாள் கழித்து, நடக்க முடியாமல் கிடந்த இருவரையும் அந்தக் குழுவைச் சேர்ந்த ஒருவர் சுட்டுக் கொன்றார். காப்பாற்ற வந்தவர்களே இரையானார்கள்.

பூங்காவிலுள்ள புதிய அருங்காட்சியகம் 2015இல் திறக்கப்பட்டது. டொனர் குழுவோடு, இந்த மண்ணின் மக்களான வாஷோ இனத்தவரைப் பற்றியும் சீன ரயில் தொழிலாளர்களைப் பற்றியும் அங்கே காட்சிப் பகுதிகள் உண்டு. நான் அதிக நேரம் நின்றது அந்தக் கடைசிப் பகுதியில்தான்.

டொனர் குழு சிக்கி இருபது ஆண்டுகூட ஆகவில்லை, அதே கணவாயில் சென்ட்ரல் பசிபிக் ரயில்பாதை ஏற ஆரம்பித்தது. வேலையாட்களில் பெரும்பாலோர் சீனர்கள், அதிலும் குவாங்டோங் மாநிலத்தவர். (அதே மாநிலத்திலிருந்து மலாயாவின் ஈயச் சுரங்கங்களுக்கும் ஆள் வந்தார்கள். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் சீன மாணவர் சிலரின் பாட்டன்மாரும் அவர்களும் பக்கத்து ஊர்க்காரர்களாகவும் இருந்திருக்கலாம்.) கணவாயின் உச்சியில் 1,659 அடி நீளச் சுரங்கத்தைக் கருங்கல்லில் குடைய வேண்டும். இரண்டு முனையிலிருந்தும் குடைந்தார்கள். அது போதாதென்று மேலிருந்து நடுவில் ஒரு குழி இறக்கி, அதிலிருந்தும் இரு பக்கமும் குடைந்தார்கள். அப்படியும் ஒரு முனையில் ஒரு நாளைக்கு ஓர் அடி நகர்ந்தாலே பெரிது. பாறையை உடைக்க நைட்ரோகிளிசரினைப் பயன்படுத்தினார்கள். 1866-67 குளிர்காலத்தில் பனிக்கு அடியிலேயே வழி தோண்டி, அதற்குள்ளேயே வாழ்ந்து வேலைக்குப் போய் வந்தார்கள். பனிச்சரிவில் புதைந்தவர்களின் உடல்கள் சில, பனி உருகிய பிறகுதான் கிடைத்தன.

வெள்ளைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் உண்டு. சீனத் தொழிலாளி தன் காசில்தான் சாப்பிட வேண்டும். 1867 ஜூன் மாதம் ஆயிரக்கணக்கான சீனர்கள் சமச் சம்பளம், குறைந்த வேலை நேரம் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அடிதடி இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. நிர்வாகத்தின் சார்ல்ஸ் குரோக்கர் மலைக்குப் போகும் உணவை நிறுத்தினார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது. பனியில் பட்டினி கிடந்தவர்களுக்கு நினைவுச் சின்னம் உள்ள அதே மலையில்தான் இதுவும் நடந்தது, கவனியுங்கள்.

பிரீனின் நாட்குறிப்பு போல, இந்தச் சீனர்களில் ஒருவர் எழுதிய கடிதமோ குறிப்போ ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டு தேடியும் கிடைக்கவில்லை. சம்பளப் பட்டியல்களிலும் பல இடங்களில் ஆளின் பெயர் இல்லை, கங்காணியின் பெயர்தான். சயாம் மரண ரயிலில் போன நம் ஆட்களின் கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இனிச் சொல்லப்போவது எனக்கே அங்கு போகும்வரை தெரியாது. டொனர் குழுவின் வரலாற்றை முதலில் விரிவாக எழுதியவர் டிரக்கியின் பத்திரிகை ஆசிரியரும் வழக்கறிஞருமான சார்ல்ஸ் மெக்லாஷன். உயிரோடு இருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசி, 1879இல் நூலாக்கினார். குடிசைகள் இருந்த இடங்களை அடையாளம் காட்டியவரும், நினைவுச் சின்னத்துக்காகப் பாடுபட்டவரும் அவரே. 1918 ஜூனில் அது திறக்கப்பட்டபோது அன்று குழந்தைகளாக இருந்து பிழைத்த சிலர், கிழவிகளாக வந்து நின்றார்கள். அதே மெக்லாஷன்தான் 1885-86இல் டிரக்கியிலிருந்து சீனர்களை விரட்டும் இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். சீனரை வேலைக்கு வைப்பவர்களிடம் யாரும் எதுவும் வாங்கக்கூடாது, விற்கக்கூடாது. கத்தி எடுக்காமலே ஊரைக் காலி செய்யும் வழி. ‘டிரக்கி முறை’ என்ற பெயரில் அது கலிபோர்னியாவின் மற்ற ஊர்களுக்கும் பரவியது.

அவரை வில்லனாக்கி முடித்துவிடுவது சுலபம். என்னால் முடியவில்லை. பட்டினியில் செத்தவர்களுக்காக உண்மையாகவே உருகியவர் அவர். அந்த உருக்கம் ஏன் தன் ஊரிலேயே இருந்த சலவைக்காரனையும் விறகுவெட்டியையும் எட்டவில்லை? படிவம் நான்கில் மூலச்சான்று பாடம் எடுக்கும்போது ‘இதை எழுதியவர் யார்?’ என்று கேட்கச் சொல்லித் தருகிறோம். ‘இவர் யாரைப் பற்றி எழுதவில்லை?’ என்றும் இனிக் கேட்க வேண்டும் என்று அன்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் 7,056 அடி உயரக் கணவாய்ச் சாலையில் காடியை நிறுத்தினோம். மேலே சீனர்கள் கட்டிய ‘சீனச் சுவர்’. சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லின் மேல் கல்லாக, ஏறக்குறைய 75 அடி உயரம். 1993 வரை அதன் மேல் ரயில் ஓடியது. அதற்குக் கீழே, சாலையோரப் பாறையில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய பழங்குடியினரின் கீறல் உருவங்கள்.

மகள் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். “இதுக்குச் சிலை எங்கப்பா?” என்றாள். வெயில் இறங்கிவிட்டது, குளிர் தாங்கவில்லை. “காடியில ஏறும்மா, சொல்றேன்,” என்றேன்.