பிறந்ததும் ஒரு சொட்டு

பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டி, இமைகளைத் துடைத்து, கண்ணாடிக் குச்சியின் நுனியில் தொங்கும் ஒரு துளியை ஒவ்வொரு கண்ணிலும் விடுவார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரப் பிரசவ மருத்துவமனையில் 1880-இல் தொடங்கிய வழக்கம் இது. அதன் தலைமை மருத்துவர் கார்ல் கிரெடேயின் பெயரோடு உலகெங்கும் பரவியது. துளியில் இருந்தது 2 சதவீத வெள்ளி நைட்ரேட்.

அன்றைய ஐரோப்பாவில், பிறந்த சில நாட்களிலேயே சிசுவின் இமை வீங்கி, சீழ் வடிந்து, கருவிழி புண்ணாகிப் பார்வை போவது சகஜம். பார்வையற்றோர் பள்ளிகளில் இப்படிக் கண் இழந்த பிள்ளைகள் ஏராளம். தாய்க்கு வெட்டை நோய் இருந்தால் பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணுக்குத் தொற்றிவிடும். அதன் கிருமியை ஆல்பர்ட் நைசர் 1879-இல்தான் கண்டிருந்தார். கிரெடே முதலில் தாயிடம்தான் முயன்றார். பிரசவ வழியைக் கழுவிப் பார்த்தார். போதிய பலன் இல்லை. பிறகே குழந்தையின் கண்ணுக்கு வந்தார். ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தையைத் தாக்கிய நோய், நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. எத்தனை பெரிய கொடை!

ஆனால் வெள்ளி எரிச்சல் தரும்; ஓரிரு நாள் கண் சிவந்திருக்கும். இதமான ஆன்டிபயாட்டிக் களிம்புகள் வந்ததும் பல நாடுகள் அவற்றுக்கு மாறின.

கிருமி சும்மா இருக்கவில்லை. 1930-களில் வந்த சல்ஃபா மருந்துகள் 1940-களிலேயே அதனிடம் தோற்கத் தொடங்கின. பெனிசிலினை உடைக்கும் நொதியோடு அது 1976-இல் பிடிபட்டது. டெட்ராசைக்ளினும் பின்னர் வலுவிழந்தது. வெட்டைக் கிருமி அண்டை பாக்டீரியாக்களின் மரபணுத் துண்டுகளை எளிதில் உள்வாங்கிக்கொள்ளும். இந்த எதிர்ப்புத் திறன் உருவானது சிசுவின் கண்ணில் அல்ல. பெரியவர்கள் வெட்டைக்கு மருந்து சாப்பிட்ட உடல்களில். கண் திறக்குமுன்பே அந்தக் குழந்தைக்கான மருந்து செலவாகிவிடுகிறது. கண்ணில் நோய் கண்ட சிசுவுக்கு இன்று போடும் ஊசி செஃப்ட்ரையாக்சோன். அதையும் வெல்லும் வெட்டைக் கிருமி 2009-இல் ஜப்பானின் கியோட்டோவில் கிடைத்தது.

களிம்பு பலனிழந்து வருவதைக் கண்ட கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கம், எல்லாச் சிசுக்களுக்கும் அதைப் போடும் வழக்கம் வேண்டாம் என்று 2015-இல் சொன்னது. கர்ப்பிணியைப் பரிசோதித்து அவருக்கே சிகிச்சை தரச் சொன்னது. கிரெடே கைவிட்ட இடத்துக்கே மருத்துவம் திரும்பியிருக்கிறது. அவரிடம் இல்லாத பரிசோதனையும் மருந்தும் இப்போது உண்டு. ஆனால் ஒரு பரிசோதனையும் இல்லாமல் வலி கண்டபின் ஓடிவரும் பெண்ணின் குழந்தைக்கு அந்தச் சொட்டு இன்றும் தேவை. உலக சுகாதார அமைப்பு 2016-இல் தந்த கண் மருந்துப் பட்டியலில் வெள்ளி நைட்ரேட் இன்னும் இருக்கிறது, 1 சதவீதக் கரைசலாக.