திண்டிவனத்துப் புளி: உணவு, மருந்து, பத்தியம்

திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயர், புளியமரத்தைக் குறிக்கும் ‘திந்திரிணி’ என்ற வடசொல்லின் அடியாகப் பிறந்தது என்பர். அவ்வூர்ச் சிவன்கோயில் இறைவன் பெயரும் திந்திரிணீசுவரர் என்பதேயாம். ஆயின் இந்நிலத்துப் புளிக்குத் தமிழிலேயே பழஞ்சான்று உண்டு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறு பாணர்க்கு விருந்தாகும் என்கிறது. அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. புளியைத் தாவரவியலார் பலர் ஆப்பிரிக்காவுக்குரியதாகக் கருதுவதையும் இச்சான்றோடு சேர்த்தே நோக்கவேண்டும். வந்த மரமாயினும் அது மிகப் பழைய வரவு.

புளியின் மருத்துவப் பயனை ஐரோப்பியரும் ஏற்றனர். 1813இல் சென்னையில் வெளியான எயின்சுலியின் மருந்துப்பொருள் நூலும், 1868இல் வாரிங் தொகுத்த இந்திய மருந்து நூலும் இதனைக் குறிக்கின்றன. பிரித்தானிய மருந்து நூலின் நிலாவரை லேகியத்திலும் புளி சேர்ந்தது. டார்டாரிக் அமிலமும் அதன் பொட்டாசிய உப்பும் மிகுந்த சதை, மென்மையான மலமிளக்கி.

பயனைப் பட்டியலிடும் ஆய்வுகள், சித்த மருத்துவர் புளியை விலக்கிய இடத்தைப் பெரிதும் கண்டுகொள்வதில்லை. பற்பமும் செந்தூரமும் உண்போர்க்குப் புளி நீக்கிய பத்தியம் விதிக்கப்பட்டது. ‘புளி மருந்தை முறிக்கும்’ என்பது மக்கள் கூறும் காரணம். 1996இல் நைசீரிய ஆய்வாளர் வெளியிட்ட சோதனையிலோ, புளிச்சாறு சேர்ந்த உணவுடன் ஆசுபிரின் உண்டவர் குருதியில் அம்மருந்து குறையவில்லை, மிகுந்தது. அதாவது, இம்மருந்தைப் பொறுத்தவரை காரணம் பொருந்தவில்லை; எச்சரிக்கை பொருந்துகிறது. ஆசுபிரினை நாள்தோறும் உண்பவர்க்கு மருந்தளவு மிகுதல் குருதிக்கசிவுக்கு வழிகோலலாம். ஒரு சோதனையைக் கொண்டு பத்திய மரபு முழுவதையும் மெய்ப்பித்துவிட இயலாது என்பதும் உண்மை. பற்பம், செந்தூரம் பற்றி அச்சோதனை எதுவும் கூறவில்லை.

சமையலறையின் எச்சரிக்கை இதனினும் தெளிவானது. புளியின் அமிலம் செம்பையும் பித்தளையையும் கரைக்கும். ஆகவே பாத்திரங்களுக்கு ஈயம் பூசினர். இங்கு ‘ஈயம்’ என்பது வெள்ளீயம். காரீயமும் அதே சொல்லால் வழங்குவதால், காரீயம் கலந்த ஈயச்சொம்பில் ரசம் வைப்போர்க்கு நஞ்சு உணவின் வழியே சேரும்.